வளைந்த அலகுக்குச் சாணை: எங்கே பிழைக்கிறது, எப்படிச் சரிசெய்வது

நேரான சமையலறைக் கத்தியைத் தீட்டப் பழகிய தெம்பில் ஒருநாள் பாட்டியின் அரிவாள்மனையில் கை வைத்தேன். அலகைக் கழற்றி, கார்பரண்டம் கல்லில் அரைமணி நேரம் தேய்த்து, மறுபடி பூட்டிக் கொடுத்தேன். பாட்டி ஒரு வாழைக்காயை அறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "முன்னால காயாவது அறுத்துச்சு. இப்ப நசுக்குது."

எங்கள் ஊர்க் கொல்லப்பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினேன். ஆசாரி அலகை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நேர்க்கத்தின்னா கல்லுக்குக் கொண்டு போலாம். வளைஞ்சதுக்குக் கல்லைத்தான் கத்திக்குக் கொண்டு வரணும், மக்களே" என்றார். அதற்கப்புறம் அரிவாள், வெட்டுக்கத்தி (எங்கள் குமரிப் பக்கப் பேச்சில் வெட்டோத்தி), கருக்கரிவாள், ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் பட்டை சீவும் ரப்பர் கத்தி என்று பலதையும் கெடுத்தும் திருத்தியும் பார்த்துவிட்டேன். என் கையில் வந்த கோளாறுகளை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் இருக்க வேண்டியவை. இரண்டு பக்கக் கார்பரண்டம் கல் (ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் நயம்). தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் எமரித்தாள், 220, 400, 1000 எண்களில் ஒவ்வொன்று. வெவ்வேறு பருமனில் இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டுகள், ஒரு சாண் நீளம் போதும். ஒரு எலிவால் அரம், ஒரு முக்கோண அரம், ஒரு பழைய தோல் பெல்ட், ஒரு கறுப்பு மார்க்கர் பேனா. இந்தக் கூட்டத்தில் விலை குறைந்தது மார்க்கர்தான். அதிகம் உதவுவதும் அதுதான்.

"அரிவாளின் இரண்டு முனையும் வெட்டுகிறது, நடு வளைவு மட்டும் வெட்டவில்லை"

அதிகம் பேருக்கு வரும் கோளாறு இது. காரணத்தைக் கண்ணால் பார்க்கலாம். அரிவாளின் வாய், அதாவது வெட்டும் ஓரம், உள்பக்கமாகக் குழிந்திருக்கிறது. அதன் மேல் தட்டையான கல்லை நீளவாக்கில் வைத்தால், குழியின் இரு கரைகளில் பாலம் போல உட்கார்ந்துகொள்ளும். நடுவில் கல் படவே படாது. நீங்கள் எவ்வளவு நேரம் தேய்த்தாலும் கரைகள்தான் தேயும்.

சந்தேகமாக இருந்தால் வாய் ஓரம் முழுக்க, இரண்டு பக்கமும் மார்க்கர் மையைப் பூசுங்கள். கல்லால் நாலே இழுப்பு. அப்புறம் பாருங்கள். மை போன இடத்தில் கல் பட்டிருக்கிறது, மை இருக்கும் இடத்தில் படவில்லை. நான் முதலில் பாட்டியின் மனையில் இப்படிச் செய்திருந்தால் அந்த அரைமணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

தீர்வு: குழிந்த வாய்க்கு உருண்ட கல். கடையில் படகு வடிவத்தில், நடு பருத்து இரு நுனியும் ஒடுங்கிய அரிவாள் கல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பிவிசி குழாயில் எமரித்தாளைச் சுற்றி, ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். குழாயின் வளைவு அரிவாளின் வளைவைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய குழாயை எடுத்தால் மறுபடியும் அதே பாலம்தான்.

அரிவாளின் முதுகை ஒரு மரக்கட்டையில் சாய்த்து, பிடியை முழங்காலுக்கு அடியில் அழுத்திக்கொள்ளுங்கள். குழாயை முதுகுப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாக, வெளியே போகிற மாதிரி இழுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் வாய் தாளைக் கிழித்துவிடும், சில சமயம் விரலையும். இழுக்கும்போதே குழாயை அடியிலிருந்து நுனிவரை வளைவோடு நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அங்கே ஒரு பள்ளம் விழும்.

எதிர்ப்பக்கத்தில் விரலை வைத்து, முதுகிலிருந்து வாய்க்கு மெல்லத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும். அடி முதல் நுனிவரை தொடர்ச்சியாகப் பிசிறு வந்த பிறகுதான் மறுபக்கத்துக்குப் போக வேண்டும். பாதியில் பக்கம் மாற்றுவதுதான் பலர் செய்யும் தப்பு.

சாய்வு பற்றி ஒரு வார்த்தை. காய்கறிக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை, விறகும் தேங்காய் மட்டையும் வெட்டும் வெட்டுக்கத்திக்கு 25 முதல் 30 என்று வைத்துக்கொள்ளலாம். பாகைமானி எல்லாம் வேண்டாம். 40 மி.மீ. அகலமுள்ள அலகின் முதுகைக் கல்லிலிருந்து 10 மி.மீ. தூக்கினால் கிட்டத்தட்ட 15 பாகை, 14 மி.மீ. தூக்கினால் 20 பாகை. 60 மி.மீ. அகல வெட்டுக்கத்தியானால் 25 மி.மீ. தூக்க வேண்டும். ஆனால் அரிவாளில் அலகின் அகலம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் வாயை ஒட்டி ஏற்கெனவே தீட்டியிருக்கும் சரிவையே பின்பற்றுங்கள். மார்க்கர் மை சரிவின் முழு அகலத்துக்கும் சீராக அழிந்தால் உங்கள் கை சரியான சாய்வில் இருக்கிறது. வாய் ஓரத்தில் மட்டும் அழிந்தால் அதிகமாகத் தூக்குகிறீர்கள், மேலே மட்டும் அழிந்தால் போதவில்லை.

"அரிவாள்மனை கீரையை அறுக்கிறது, ஆனால் நார் தொங்குகிறது"

தீட்டுவதற்கு முன் அலகைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மரத்தில் பூட்டிய இடம் ஆடினால், எவ்வளவு கூராக இருந்தாலும் கீரை மடங்கும், அறுபடாது. போல்ட்டை முறுக்குங்கள். பழைய மனையில் ஆணிதான் என்றால் மெல்லிய மூங்கில் சிம்பை ஆப்பாக அடித்து இறுக்குங்கள். எனக்கு வந்த மனைகளில் பாதிக்குச் சாணையே தேவைப்படவில்லை.

ஆடவில்லை என்றால் கூர்தான். ஆனால் இங்கே அலகு மனையிலேயே நிற்கிறது, வாய் உட்காருபவரைப் பார்த்து இருக்கிறது. அறுப்பதற்கு உட்காரும் இடத்தில் உட்கார்ந்து தீட்டாதீர்கள். மனையைத் திருப்பி, முதுகு உங்களைப் பார்க்க வையுங்கள். பலகையைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள். கல்லை வெறும் விரலில் பிடிப்பதும் ஆபத்து. ஒரு முழ ரீப்பர் கட்டையின் முனையில் எமரித்தாளையோ சின்னக் கல் துண்டையோ ஒட்டிக்கொண்டால் விரல் வாயிலிருந்து தள்ளியே இருக்கும்.

எங்கள் வீட்டு மனையில் அலகு அடியில் லேசாகக் குழிந்து, மேலே போகப் போகப் புடைத்து, தேங்காய்த் துருவலில் முடிகிறது. ஒரே அலகில் இரண்டு வளைவு. குழிந்த பகுதிக்கு உருண்ட குழாய், புடைத்த பகுதிக்குத் தட்டைக் கட்டை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் குழாயைத்தான் பயன்படுத்துவேன், தட்டைக் கல்லின் மூலை அங்கே கோடு போட்டுவிடும்.

இந்த வேலைக்கு, முன்னாலேயே தண்ணீரில் ஊற வைத்த எமரித்தாளில் 400 போதும். மனை அலகுகள் பெரும்பாலும் சாதாரணக் கார்பன் இரும்பு, சீக்கிரம் தேயும், சீக்கிரம் கூராகவும் ஆகும். இரண்டு பக்கமும் பிசிறு வந்து போன பிறகு 1000-இல் பக்கத்துக்குப் பத்து இழுப்பு. வீட்டில் ஊறுகாய் ஜாடி இருந்தால் அதன் அடி வளையத்தில் மெருகு பூசாத சொரசொரப்பான ஓரம் இருக்கும். ஜாடியைக் கழுவித் துடைத்து அந்த ஓரத்தால் குழிந்த வாயைத் தடவிக் கொடுத்தால் நயமான கல் செய்யும் வேலையையே செய்கிறது. வளைந்த ஓரம் என்பதால் குழிக்குள்ளும் உட்காரும். ஆயிரம் ரூபாய்க் கல் வாங்கும்வரை நான் இதைத்தான் வைத்திருந்தேன். இப்போதும் சில சமயம் கல்லைத் தேடுவதற்குச் சோம்பல்பட்டு ஜாடியையே எடுக்கிறேன்.

முடித்ததும் அலகைக் கழுவித் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். கல்லுக்கு எண்ணெய் வேண்டாம். ஒருமுறை எண்ணெய் ஊறிய கல் அப்புறம் தண்ணீரை ஏற்காது.

"காய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது"

வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கினால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிகிறதா? கை நேராக இருந்தும் இப்படி வந்தால், சரிவு இரண்டு பக்கமும் சமமாக இல்லை. ஒரு பக்கம் 3 மி.மீ., மறுபக்கம் 1 மி.மீ. என்று இருக்கும். வலக்கைக்காரர்கள் வலப்பக்கத்தை மட்டும் வசதியாகத் தேய்த்துத் தேய்த்து வருவதுதான் காரணம். குறுகிய சரிவுள்ள பக்கத்தை மட்டும் சில தடவை தீட்டுங்கள், மெல்லச் சமமாகும். ஒரே நாளில் சரிசெய்ய நினைத்து அரம் போடாதீர்கள்.

சில கத்திகள் வேண்டுமென்றே ஒரு பக்கச் சரிவோடு வருகின்றன. அதில் தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படுக்க வைத்துப் பிசிறை மட்டும் எடுக்க வேண்டும்.

"தீட்டிய அன்று சவரக்கத்தி, மறுநாள் மொக்கை"

காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது, பிசிறை நீக்காமல் விட்டது. அது கூர் போலவே காட்டும், தாளைக்கூட வெட்டும். முதல் கிழங்கில் மடங்கிப் படுத்துவிடும். பெல்ட்டின் உள்பக்கத்தில், வாய் பின்தங்கி வரும்படி, பக்கத்துக்கு இருபது தடவை இழுத்தால் போகும். குழிந்த வாய்க்கு அதே தோலைக் குழாயில் சுற்றிக்கொள்ள வேண்டும். தட்டையான பெல்ட்டும் குழியைத் தொடாது.

தோல்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் பக்கத்துப் பனையேறி ஒருவர் பாளை சீவும் அரிவாளை மரப்பலகையில் தீட்டுவார். வெங்கச்சங்கல்லை (வெள்ளையான கெட்டிக் கல்) பொடித்துப் பலகையில் தூவி, மெதுவாக இழுப்பார். பாளையின் முனையைத் தாள் கனத்துக்குச் சீவினால்தான் பதநீர் இறங்கும். அந்த வேலைக்குக் கல்லிலிருந்து நேரே வந்த வாய் முரடு.

இரண்டாவது, வேலைக்கு மீறி மெலிந்த சாய்வு. வெட்டுக்கத்தியை 15 பாகைக்குத் தீட்டி விறகில் போட்டால் வாய் மடங்கும், அல்லது உதிரும். கடைசியில் நாலைந்து இழுப்பை மட்டும் கொஞ்சம் தூக்கிப் போடுங்கள். வாயின் ஓரத்தில் ஒரு குட்டிச் சரிவு உருவாகித் தாங்கும்.

மூன்றாவது, பதம் (எஃகின் கடினம்) போனது. இதுதான் வயிற்றெரிச்சல். ஒருமுறை அவசரத்துக்கு டவுனில் ஒரு பட்டறையில் மின்சாரச் சக்கரத்தில் வெட்டுக்கத்தியைக் கொடுத்தேன். தீப்பொறி பறக்க இரண்டு நிமிடத்தில் தந்துவிட்டார்கள். வாய் பளபளத்தது, அதை ஒட்டி மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டை. அழகாக இருக்கிறதே என்று வாங்கி வந்தேன். அந்த நீலம் சுமார் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியதற்கு அடையாளம். வைக்கோல் நிறம் வந்தால் 220 டிகிரியை ஒட்டிய சூடு, அதோடு நின்றால் பிழைத்தோம். நீலம் வந்த இடத்தில் கார்பன் எஃகு மென்மையாகிவிடும், எத்தனை தடவை தீட்டினாலும் நிற்காது. வழி இரண்டு. அந்த நீலப் பகுதி முழுவதையும் கையால், தண்ணீர் விட்டுத் தேய்த்து எடுப்பது, அல்லது கொல்லரிடம் கொடுத்து மறுபடி பதம் ஏற்றுவது. நான் இரண்டாவதைச் செய்தேன். சக்கரத்தில் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் பக்கத்தில் நின்று, அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். அலகை விரலால் தொட முடியாத அளவுக்குச் சூடு ஏறவே விடக்கூடாது.

"தாளை வெட்டுகிறது, பூசணிக்காயில் சிக்கிக்கொள்கிறது"

கூர் சரி, தோள் (வாய்ச் சரிவுக்கு மேலே உள்ள பகுதி) தடிமன். வருடக்கணக்கில் வாய் ஓரத்தை மட்டும் தீட்டிவந்தால், வாய் மெல்ல மெல்ல அலகின் தடித்த பகுதிக்கு ஏறிவிடும். பழைய அரிவாள் ஆப்பு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான். வாயைத் தொடாமல், சரிவுக்கு மேலே உள்ள கன்னத்தை முரட்டுக் கல்லால் படுக்கையாகத் தேய்த்து மெலியவைக்க வேண்டும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியானால் பொறுமை வேண்டும், இரண்டு மாலை ஆகும். சமையல் அலகு என்றால் செய்யலாம். விறகு வெட்டும் கத்திக்குத் தடிமன்தான் பலம், விட்டுவிடுங்கள்.

"வாய் அலை அலையாக இருக்கிறது"

வெட்டுக்கத்தியை வெயிலில் நீட்டிப் பிடித்து, வாயை ஒரு கண்ணால் பிடியிலிருந்து நுனிக்குப் பாருங்கள். வளைவு ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். நடுநடுவே பள்ளம் தெரிந்தால் ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்திருக்கிறீர்கள், அல்லது கல்லே நடுவில் குழிந்திருக்கிறது. பள்ளத்தை ஆழமாக்கிச் சரிசெய்ய முடியாது. மேடுகளைத்தான் இறக்க வேண்டும். மேடுகளில் மார்க்கர் பூசி, அங்கே மட்டும் அரத்தால் இறக்கி, வளைவு சேர்ந்த பிறகு புதிதாகச் சரிவு எடுங்கள்.

வெளிப்பக்கம் புடைத்த வாயில் இன்னொரு குறை வரும். நுனியை நெருங்கும்போது பிடியைத் தூக்காவிட்டால் நுனி எப்போதும் மொக்கையாகவே இருக்கும். கல்லின் மேல் இழுத்துக்கொண்டே, வளைவு தொடங்கும் இடத்திலிருந்து பிடியை மெல்ல உயர்த்துங்கள். நுனி கல்லைத் தாண்டி விழவிடாதீர்கள், அப்படி விழுந்தால் உருண்டுவிடும்.

"கருக்கரிவாள் நெல்தாளைப் பிடிக்காமல் வழுக்குகிறது"

கருக்கு என்றால் பல். பனைமட்டை ஓரத்தில் கையைக் கீறும் அதே கருக்கு. கருக்கரிவாளில் பல் வரிகள் ஒரு முகத்தில்தான் வெட்டப்பட்டிருக்கும், மறுமுகம் வழவழப்பு. பலர் பல் உள்ள முகத்தில் கல்லைப் போட்டு வரிகளை அழித்துவிடுகிறார்கள். அப்புறம் அது வெறும் அரிவாள்.

வழவழப்பான முகத்தில் மட்டும் உருண்ட கல்லை இலேசாக ஓட்டுங்கள். வாய் கொஞ்சம் பின்வாங்கும், வரிகள் மேலே நீண்டு இருப்பதால் புதுப் பற்கள் தானாகவே எட்டிப்பார்க்கும். வரி முழுக்கத் தேய்ந்து தீர்ந்துவிட்டால் பட்டறையில் கொடுத்துப் புதிதாகக் கருக்கு வெட்ட வேண்டும். நம் முக்கோண அரத்தால் ஒவ்வொரு பல்லாக வெட்டிப் பார்த்தேன், நாற்பதாவது பல்லில் கைவிட்டேன்.

ரொட்டிக் கத்திக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. ஒவ்வொரு வளைவுக்குள்ளும் எமரித்தாள் சுற்றிய குச்சியை இரண்டு மூன்று முறை இழுத்து, தட்டைப் பக்கத்தில் ஒரே ஒருமுறை படுக்க வைத்துத் துடைத்தால் போதும்.

மனையின் துருவல் தேங்காய்ப்பூவைத் துருவாமல் நசுக்கினால், பல்லிடுக்கு ஒவ்வொன்றிலும் முக்கோண அரத்தை ஒரே திசையில் மூன்று முறை ஓட்டுங்கள். முன்னும் பின்னும் அறுக்க வேண்டாம்.

"பாக்குவெட்டி பாக்கை வெட்டாமல் நொறுக்குகிறது"

கல்லைத் தேடாதீர்கள். பெரும்பாலும் தறை (இரண்டு கைகளையும் இணைக்கும் ஆணி) தளர்ந்திருக்கும். இரும்பின் மேல் வைத்துத் தறையின் தலையில் சின்னச் சுத்தியலால் நாலு தட்டு, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் நொறுக்கினால் மேல் அலகின் வாயை மட்டும் தீட்டுங்கள். கீழ்க்கை பாக்கைத் தாங்குவதற்கு, அதற்குக் கூர் வேண்டாம்.

"ரப்பர் கத்தி பட்டையைச் சீவாமல் பிய்க்கிறது"

குலசேகரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் மாமா ஒருவருக்காகக் கற்றுக்கொண்டது இது. மிச்சி கொலெட்ஜ் ஆனாலும் ஜெபாங் ஆனாலும், ரப்பர் கத்தியின் வாய் ஒரு கோடு இல்லை, மடங்கிய மூலை. அந்த மூலைதான் பட்டையில் சால் போடுகிறது. பால் குழல்கள் மரத்தின் வளர்படலத்தை (பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளரும் மெல்லிய அடுக்கு) ஒட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் படலத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. விட்டு வெட்ட வேண்டும். மொக்கைக் கத்தி அந்த 1 மி.மீட்டரைக் காப்பாற்றாது. படலத்தில் காயம் பட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே கத்தி போடவே முடியாது.

பட்டைச் சீவல் சுருளாக விழாமல் தூளாக உதிர்கிறதா, பால் சாலில் ஓடாமல் மரத்தில் வழிகிறதா? மூலை மழுங்கிவிட்டது. பக்கங்கள் இரண்டும் கூராக இருக்கலாம், ஏமாறாதீர்கள். தட்டைக் கல் மூலைக்குள் போகாது. ஓரம் கத்தி போல ஒடுங்கிய சின்னக் கல் வேண்டும். இல்லாவிட்டால் மூங்கில் சீவலை ஆப்பு வடிவில் செதுக்கி, 400 தாளை மடித்து ஒட்டிக்கொள்ளலாம். சரிவு எந்த முகத்தில் இருக்கிறதோ அங்கே மட்டும் தேயுங்கள். மறுமுகத்தில் பிசிறு எடுக்க ஒரு துடைப்பு. மூலையில் அதிகம் தேய்த்தால் அங்கே குழி விழுந்து, கத்தி இரண்டு கோடாகச் சீவும். மூலைக்கு ஒரு இழுப்பு, இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு இழுப்பு என்று மாறி மாறிப் போனால் இந்தத் தொல்லை வராது.

சோதிக்க மரத்துக்குப் போக வேண்டாம். கொல்லையில் ஒரு முருங்கைக் கிளையின் பட்டையில் இழுத்துப் பாருங்கள். சீவல் ஒரே நீளமாகச் சுருண்டு விழுந்தால், மாமாவிடம் கொடுத்துவிடலாம்.